தசைத் தூண்டல் கருவியில் சொந்தப் புரோகிராம் அமைப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடது முழங்காலில் முன் சிலுவைத் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் தொடை பாதியாக வற்றியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் தோலில் ஒட்டிவிட்ட நாலு பேட்களும், அவற்றின் வழியாகத் தசைக்கு மின் கொடுக்கும் ஒரு சிறிய பெட்டியும்தான் அந்தத் தொடையை மறுபடி அசைத்துக் காட்டின. பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினேன். இப்போது சுதந்திர சதுக்கத்தில் காலையில் ஓட வருபவர்களும், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். நான் டொக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை. பல வருடம் பாவித்தவன், சில தவறுகளைச் செய்து முடித்தவன். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

அண்ணா, இது தசைக்கு உண்மையில் என்ன செய்கிறது?

இரண்டு பேட்களுக்கு இடையில் மிகக் குறுகிய மின்துடிப்புகள் ஓடுகின்றன. அவை தசைக்குள் நுழையும் நரம்புக் கிளைகளை எழுப்பிவிடுகின்றன. மூளையிலிருந்து கட்டளை வந்தால் நரம்பு என்ன செய்யுமோ அதையே செய்கிறது, தசை சுருங்குகிறது. இத்தாலியில் கல்வானி தவளைக் காலைத் துடிக்க வைத்துப் பார்த்து 1791இல் எழுதி வைத்த விஷயத்தின் பேரப்பிள்ளைதான் நம் கையில் இருக்கும் பெட்டி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீங்களாகக் காலை நீட்டும்போது மூளை முதலில் சிறிய, எளிதில் களைக்காத தசை இழைகளைக் கூப்பிடும். பாரம் கூடக் கூடத்தான் பெரியவற்றை எழுப்பும். களைத்தவற்றை விட்டுவிட்டு வேறு இழைகளுக்கு வேலையை மாற்றியும் கொடுக்கும். கருவிக்கு அந்த இரக்கம் கிடையாது. பேட்டுக்குக் கீழே எந்த இழைகளின் நரம்பு கிட்ட இருக்கிறதோ அவற்றையே, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு முறையும் அடிக்கும். அதனால்தான் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தும் தசை அவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகிறது. சொந்தப் புரோகிராம் எழுதும்போது இதை மறந்தால் எல்லாம் பிழையாகிவிடும்.

உள்ளேயே இருபது முப்பது புரோகிராம்கள் இருக்கின்றனவே, அவை போதாதா?

பலருக்குப் போதும். வாங்கிய முதல் மூன்று வாரம் அவற்றைத்தான் போடச் சொல்வேன். கருவி உங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எண்களை மாற்றுவது, உப்பு பார்க்காமல் கறிக்கு உப்புப் போடுவது மாதிரி.

சொந்தமாக எழுத வேண்டிய தேவை எப்போது வரும்? எனக்கு வந்தது ஓய்வு நேரத்தால். கருவியில் இருந்த பலப் புரோகிராமில் சுருக்கங்களுக்கு இடையே கிடைத்த இடைவெளி என் மெலிந்த தொடைக்குக் காணாது. பத்தாவது சுருக்கத்திலேயே தசை பாதி விசைதான் தந்தது. வேறு சிலருக்கு மின் ஏறும் வேகம் பிரச்சினை. சட்டென்று இழுக்கிறது, மூட்டு நோகிறது. இன்னும் சிலரிடம் பிசியோ ஒரு துண்டில் எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் இதைப் போடுங்கள்" என்று அனுப்பியிருப்பார். அந்தத் துண்டு இருந்தால் கீழே நான் சொல்வதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

புதிய புரோகிராமைத் திறந்தால் ஆறேழு எண் கேட்கிறது. எது என்ன?

பெயர்கள் கருவிக்குக் கருவி மாறும். விஷயம் ஒன்றுதான். "ஃப்ரீக்வென்சி" என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை துடிப்பு, அது ஹேர்ட்ஸில். "பல்ஸ் வித்" அல்லது "ஃபேஸ் டியூரேஷன்" என்பது ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம், அது மைக்ரோ செக்கனில். "ரேம்ப் அப்", "ரேம்ப் டவுன்" இரண்டும் மின் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எடுக்கும் நேரம். "ஒன் டைம்" சுருங்கி நிற்கும் நேரம், "ஓஃப் டைம்" ஓய்வு. கடைசியாக மொத்த நிமிடங்கள், அல்லது எத்தனை தடவை என்ற எண்ணிக்கை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகளில் ஏறும் நேரம் சுருக்க நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சிலவற்றில் அது தனி. கையேட்டில் எழுதியிருந்தாலும் நான் அதை நம்புவதில்லை. போனில் ஸ்டொப்வோச்சைப் போட்டு இரண்டு சுற்றை அளந்து பார்த்துவிடுங்கள். 6 செக்கன் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டு 4 செக்கன்தான் நீங்கள் பெற்றுக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பட்டியலில் ஒரு எண் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மின்னளவு, அதாவது மில்லி அம்பியர். பெரும்பாலான கருவிகள் அதைப் புரோகிராமோடு சேமிக்க விடாது. ஒவ்வொரு தடவையும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பலனைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு அந்தச் சேமிக்காத எண்ணுக்குத்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

எத்தனை ஹேர்ட்ஸ் போட வேண்டும்?

1 முதல் 10 வரை போட்டால் தசை தனித்தனியாகத் துடிக்கும், கண்ணுக்குத் தெரியும். சூடேற்றவும், பயிற்சிக்குப் பின் தளர்த்தவும் இது நல்லது. 20ஐத் தாண்டும்போது துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். 35க்கும் 50க்கும் இடையில் அவை முழுதாக இணைந்து ஒரே இறுக்கமாகிவிடும். மெலிந்த தசையைத் தேற்ற இந்த இடம் வசதியானது. பலத்துக்கு 50 முதல் 80, சில விளையாட்டுப் புரோகிராம்களில் 100க்கு மேலும் போகும். எண் கூடக் கூட விசை கொஞ்சம் கூடும், களைப்பு மிக விரைவாகக் கூடும். எனவே ஹேர்ட்ஸை ஏற்றினால் ஓய்வையும் நீட்ட வேண்டும். இதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

ஒரு விஷயத்தில் கையேடுகளோடு எனக்குச் சண்டை. "இத்தனை ஹேர்ட்ஸ் மெதுவான இழைகளுக்கு, இத்தனை வேகமான இழைகளுக்கு" என்று அழகான அட்டவணை போட்டிருப்பார்கள். ஏதோ ரேடியோ அலைவரிசை திருப்புவதுபோல இழைகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த இழைகள் எழும்பும் என்பதை முடிவு செய்வது மின் எவ்வளவு ஆழம் போகிறது, பேட் எங்கே இருக்கிறது என்பவைதான். எழும்பிய இழைகள் எந்தத் தாளத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் ஹேர்ட்ஸ் சொல்கிறது. அட்டவணை சொல்லும் எண்களில் பெரிய தவறு இல்லை, சொல்லும் காரணம்தான் பிழை.

மைக்ரோ செக்கன்?

கைகளுக்கு 200 முதல் 250, வயிறு முதுகுக்கு 300 அளவு, தொடைக்கு 350 முதல் 400. பெரிய தசைக்கு அகலமான துடிப்பு, அவ்வளவுதான். துடிப்பு குறுகினால் அதே சுருக்கத்துக்கு மில்லி அம்பியரைக் கூட்ட வேண்டிவரும், தோலில் குத்தும். 400 மைக்ரோ செக்கனில் 50 மில்லி அம்பியர் என்றால் ஒரு துடிப்புக்கு 20 மைக்ரோ கூலோம் மின்னேற்றம். 200இல் அதே மின்னளவுக்கு மின்னேற்றம் அதில் பாதி. நண்பரின் கருவியில் 50 என்றால் உங்களுடையதிலும் 50 என்று ஒப்பிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமும் ஓய்வும் எவ்வளவு?

என் மோசமான அனுபவம் இந்த இடத்தில்தான். கருவி வாங்கிய புதிதில் கெண்டைக்காலுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். 80 ஹேர்ட்ஸ், 10 செக்கன் சுருக்கம், 5 செக்கன் ஓய்வு, 20 நிமிடம். ஓய்வு குறைந்தால் வேலை கூடும், வேலை கூடினால் பலம் கூடும் என்பது என் கணக்கு. ஐந்து நிமிடத்தில் தசை சோர்ந்து சுருக்கம் மங்கிவிட்டது. நான் மின்னளவை ஏற்றிக்கொண்டே போனேன். அடுத்த நாள் எங்கள் கட்டடத்தில் லிப்ட் பழுது. நாலாம் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பிப் படியிறங்கினேன். கீழே நின்ற காவலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பலத்துக்கான புரோகிராமில் ஓய்வு சுருக்கத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கட்டும். 1970களில் சோவியத் விஞ்ஞானி கோட்ஸ் விளையாட்டு வீரர்களுக்குப் பாவித்த முறையில் 10 செக்கன் சுருக்கம், 50 செக்கன் ஓய்வு, பத்துத் தடவை. மொத்தம் பத்தே நிமிடம். 1977இல் அவர் அதை மொன்ட்ரியலில் விளக்கிய பிறகுதான் மேற்கு நாடுகள் இந்தப் பக்கம் தீவிரமாகத் திரும்பிப் பார்த்தன. தாங்குதிறனுக்கான புரோகிராம்கள் வேறு வகை. குறைந்த ஹேர்ட்ஸில் நீண்ட சுருக்கம், குறுகிய ஓய்வு. அங்கே மின்னளவும் மிதமாகத்தான் இருக்கும்.

சில கருவிகள் ஓய்வு நேரத்திலும் 4 ஹேர்ட்ஸ் போல மெல்லத் துடிக்க வைக்கும். அது பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் பூச்சியம் போடலாம். எனக்குப் பிடிக்கும்.

ஏறும் நேரத்தை 1.5 முதல் 2 செக்கன் வையுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த காலுக்கு 3கூடப் போடலாம். பூச்சியம் போட்டால் யாரோ உதைப்பதுபோல இருக்கும்.

மின்னளவை எதுவரை கூட்டலாம்?

திரையில் இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், தசையைப் பாருங்கள். கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல ஊர்ந்தால் தோல் நரம்பு மட்டும்தான் எழும்பியிருக்கிறது. தசை இறுகிக் கல்லாக வேண்டும். தாங்கக்கூடிய அளவில் மேல் எல்லைக்குக் கிட்ட நிற்க வேண்டும், ஆனால் எரிவோ குத்தோ இருக்கக்கூடாது. எரிந்தால் பேட்டில் பிழை.

இது முக்கியம் என்பதற்கு ஓர் ஆதாரம். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை வேறு வேறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சை நிலையத்தில் உயர்ந்த மின்னளவில் தூண்டல் பெற்றவர்களின் தொடை, வீட்டில் சிறு கருவியைக் குறைந்த அளவில் பாவித்தவர்களின் தொடையைவிட நன்றாகத் தேறியது. வீட்டில் நம் பெருவிரல் பயந்து பாதியில் நின்றுவிடுகிறது என்றுதான் நான் அதைப் படித்துக்கொண்டேன்.

கூட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் ஒன்றோ இரண்டோ படி ஏற்றுங்கள், ஓய்வின்போது தொடாதீர்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு உடம்பு பழகிவிடும். ஆரம்பத்தில் 25இல் துள்ளியவர் முடிவில் 40இல் பேசாமல் இருப்பார். அதோடு, கருவி இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து தசையை இறுக்குங்கள். வலி குறைவாகத் தெரியும், பயனும் கூடும். டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு செய்கிறவர்கள் இதைச் செய்வதில்லை.

தோலுக்குக் கீழே கொழுப்பு கூடினால் மின்னளவும் கூடத் தேவைப்படும். எனக்கு 45 போதும், என் மைத்துனருக்கு 70 வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தொடைக்கு ஒரு முழுப் புரோகிராம் சொல்லுங்களேன்.

நான் பாவிப்பதைச் சொல்கிறேன். முழங்காலில் சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தால், உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரோ பிசியோவோ சம்மதிக்காமல் இதைத் தொட வேண்டாம்.

முதல் கட்டம், 5 ஹேர்ட்ஸ், 350 மைக்ரோ செக்கன், 5 நிமிடம் தொடர்ச்சியாக. தசை துள்ளுவது தெரியும் அளவுக்கு மட்டும் மின். இரண்டாவது கட்டம்தான் வேலை. முதல் இரண்டு வாரம் 50 ஹேர்ட்ஸ், பிறகு 75. துடிப்பு அகலம் 400. ஏற 2 செக்கன், சுருங்கி நிற்க 6, இறங்க 1, ஓய்வு 30. ஒரு சுற்று 39 செக்கன், இருபது சுற்றுக்கு 13 நிமிடம். மூன்றாவது கட்டம், 3 ஹேர்ட்ஸ், 10 நிமிடம், மெல்ல. ஆக மொத்தம் 28 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

உட்காரும் விதமும் புரோகிராமின் பாகம்தான். கதிரையில் உட்கார்ந்து, கணுக்காலைக் கதிரைக் காலோடு ஒரு துவாயால் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் கால் தானாக நீண்டு மேசையில் அடிபடும். காலை நீட்டி வைத்துக்கொண்டு முழு மின்னளவில் செய்தால் தசை ஒடுங்கிய நிலையில் பிடித்துக்கொண்டு வலிக்கும்.

ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஹேர்ட்ஸையும் ஓய்வையும் சேர்த்து மாற்றிவிட்டு அடுத்த நாள் கால் நொந்தால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

பேட்டை எங்கே ஒட்டுவது? எனக்கு வலி மட்டும் வருகிறது, சுருக்கம் வரவில்லை.

புரோகிராம் சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேட் இடம்தான் சரியில்லை. நரம்பு தசைக்குள் நுழையும் இடத்துக்கு நேரே மேலுள்ள தோலில் மிகக் குறைந்த மின்னுக்கே தசை துள்ளும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் டுஷேன் என்ற மருத்துவர் உடம்பு முழுக்க இந்தப் புள்ளிகளைத் தேடிக் குறித்தார். நாம் தொடையில் இரண்டைத் தேடினால் போதும்.

பெரிய பேட், அதாவது 5க்கு 10 சென்றிமீற்றர், தொடையின் மேல்பகுதியில் குறுக்காக, கவட்டு மடிப்பிலிருந்து ஒரு கையகலம் கீழே. சிறிய 5க்கு 5 பேட்கள் இரண்டு, முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கம் புடைக்கும் தசையில் ஒன்று, வெளிப்பக்கத் தசையில் ஒன்று. இப்போது 3 ஹேர்ட்ஸில் மெல்லிய மின்னைக் கொடுத்துத் துள்ளலைப் பாருங்கள். பூச்சியத்துக்கு இறக்கி, சிறிய பேட்டை ஒரு விரலளவு நகர்த்தி மறுபடி அதே மின். எங்கே துள்ளல் பெரிதாகிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி. பத்து நிமிட வேலை, ஆனால் அதற்குப் பிறகு அதே சுருக்கத்துக்கு முன்பைவிடக் குறைந்த மின்னளவே போதும்.

மின் ஓடும்போது பேட்டைக் கழற்றாதீர்கள். விளிம்பு மட்டும் ஒட்டியிருக்கும் பேட்டில் மொத்த மின்னும் அந்தச் சிறு இடத்தால் பாயும், சுடும்.

ரஷ்ய முறை என்று ஒன்று என் கருவியில் இருக்கிறது. அது கூடியதா?

மேலே சொன்ன கோட்ஸின் முறைதான். 2500 ஹேர்ட்ஸ் மாறுமின்னைச் செக்கனுக்கு 50 துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்கள். சாதாரணத் துடிப்பைவிட அது தசைக்கு அதிகம் செய்கிறது என்று நினைக்கக் காரணம் இல்லை. பற்றரி சீக்கிரம் இறங்கும்.

டென்ஸ் கருவியால் இதைச் செய்ய முடியாதா அண்ணா? அம்மாவுடையது சும்மா கிடக்கிறது.

டென்ஸ் வலி மறக்கச் செய்வது. தோல் உணர்வு நரம்புகளை மட்டும் கூச வைக்கும். சுருக்கம், ஓய்வு என்ற நேர அமைப்பு அதில் பெரும்பாலும் இருக்காது. மின்னைக் கூட்டினால் தசை இறுகும்தான், ஆனால் ஓய்வே இல்லாமல் இறுகும். அம்மாவுடையது அம்மாவிடமே இருக்கட்டும்.

வயிறு குறையுமா?

இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எடை குறைப்புக்கென்று எந்த மின்தூண்டல் கருவிக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மக்களுக்கு அறிவித்திருக்கிறது. வயிற்றுத் தசை கொஞ்சம் இறுகலாம். மேலே இருக்கும் கொழுப்பு அங்கேயேதான்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு போட ஒரு புரோகிராம்?

8 ஹேர்ட்ஸ் 5 நிமிடம், 6 ஹேர்ட்ஸ் 5, 4 ஹேர்ட்ஸ் 5, 2 ஹேர்ட்ஸ் 5. ஓய்வு நேரம் தேவையில்லை. துள்ளல் தெரிய வேண்டும், வலி கூடாது. காலில் இரத்த ஓட்டம் கூடும், கனம் இறங்கியதுபோல இருக்கும். அதனால் அடுத்த நாள் வேகமாக ஓடுவீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். காலிமுகத்திடலில் அரை மணி மெதுவாக நடந்தாலும் கிட்டத்தட்ட அதே சுகம், காற்றும் இலவசம்.

யார் இதைத் தொடவே கூடாது?

இதில் மட்டும் நான் பகிடி விடுவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டொக்டரின் தெளிவான சம்மதம் இல்லாமல் பக்கத்திலும் போகக்கூடாது. காலில் இரத்தக்கட்டி இருந்தால் அல்லது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அந்தக் காலில் கூடாது. புற்றுநோய் உள்ள இடம், காயம், தொற்று, குடலிறக்கம் உள்ள வயிறு, எல்லாம் விலக்கு. கழுத்தின் முன்பக்கமும் தலையும் யாருக்குமே கூடாது. நெஞ்சின் இரு பக்கமும் பேட் ஒட்டி மின் இதயத்தைக் கடந்து போகும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே தகடு, திருகாணி இருந்தால் போட்ட சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.

நம் ஆட்களிடம் நான் அதிகம் பயப்படுவது நீரிழிவுக்கு. எங்கள் மாடியில் ஒரு மாமா, பாதம் மரத்துப்போகிறது, இதைப் போட்டால் உணர்ச்சி வருமா என்று கேட்டார். மரத்துப்போன இடத்தில் சுட்டாலும் தெரியாது மாமா, அதுதான் ஆபத்து என்று சொல்லி, முதலில் கிளினிக்கில் பாத உணர்ச்சியைப் பரிசோதிக்க அனுப்பினேன். மின்னளவைத் தீர்மானிக்கும் ஒரே அளவுகோல் உங்கள் உணர்ச்சி. அது இல்லாதவருக்கு மேலே நான் எழுதிய எதுவும் பொருந்தாது.

இரண்டு நாளாகத் தசை நோகிறது. எப்போது பயப்பட வேண்டும்?

புதிதாகத் தொடங்கியவருக்கு இரண்டு மூன்று நாள் நோவு வழமை. ஆனால் தசை வீங்கி, வலி கூடிக்கொண்டே போய், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் வந்தால் அது வேறு கதை. தசை இழைகள் உடைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. உடம்பு முழுக்க உடுப்புப்போலப் போடும் வகையில், முதல் நாளே உச்சத்துக்குப் போனவர்களுக்கு இப்படி வந்திருக்கிறது. காலை வரை பார்ப்போம் என்று படுக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், போக முடியாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இந்தக் கருவியைப் பாவித்ததை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சார்ஜில் போட்டபடி பாவிக்கலாமா?

பெரும்பாலான கருவிகள் விடாது, சார்ஜர் செருகியவுடன் வெளியீட்டை நிறுத்திவிடும். விடுகிற கருவி என்றாலும் செய்யாதீர்கள். சுவரில் 230 வோல்ட், காலில் ஈரமான பேட். இரண்டையும் சந்திக்க வைப்பானேன்? 2022இல் நீண்ட மின்வெட்டு இருந்த நாட்களிலும் கருவி பற்றரியில்தான் ஓடியது, ஒன்றும் குறையவில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

சொந்தப் புரோகிராம் எழுத விடுகிறதா, ஓய்வு நேரத்தை 30 செக்கனுக்கு மேல் போடலாமா, துடிப்பு 400 மைக்ரோ செக்கன் வரை போகிறதா, இந்த மூன்றும்தான். புறக்கோட்டையில் வாங்கினாலும் ஒன்லைனில் வாங்கினாலும் பெட்டியில் இந்த எண்கள் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இங்கே மருத்துவ உபகரணங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ் வருகின்றன. பதிவு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்பதில் தப்பில்லை. வயர் முனை 2 மில்லிமீற்றர் ஊசி வகையா, சட்டைப் பொத்தான்போல அழுத்தும் வகையா என்றும் பாருங்கள். அதற்கேற்ற பேட் கிடைக்காமல் அலைந்தவன் நான்.

இந்த ஊர் வெக்கையில் பேட் ஒட்டமாட்டேன் என்கிறது.

கொழும்பு வியர்வைக்கு இது நித்திய பிரச்சினை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஒட்டுங்கள். சித்தாலேப பூசிய காலில் ஒட்டவே ஒட்டாது, எண்ணெயும் அப்படியே. முடியைச் சவரம் செய்தால் அன்றைக்கே பாவிக்காதீர்கள், எரியும். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினால் போதும். முடிந்ததும் பேட்டைப் பிளாஸ்டிக் தாளில் திருப்பி ஒட்டி, உறையில் போட்டு மூடி வையுங்கள். ஒட்டும் பகுதி காய்ந்திருந்தால் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். இருபது முப்பது தடவைக்கு மேல் ஒரு பேட் தாங்காது. பிளாஸ்டர் போட்டு இழுத்து ஒட்டிக் காலம் கடத்த வேண்டாம்.

அப்டேட் செய்தபோது நான் எழுதிய புரோகிராம் எல்லாம் அழிந்துவிட்டது. திரும்ப எடுக்கலாமா?

எடுக்க முடியாமல் போகலாம். எனக்கும் ஒரு தடவை போனது. நான் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், அரை மணியில் திரும்பப் போட்டுவிட்டேன். ஒரு நாளுக்கு ஒரு வரிதான்: "செவ்வாய், இடது தொடை, 50 ஹேர்ட்ஸ், 400, ஏற்றம் 2, சுருக்கம் 6, ஓய்வு 30, இருபது தடவை, உள்பக்கம் 38, வெளிப்பக்கம் 44, அடுத்த நாள் நோவு இல்லை." கடைசியில் வரும் 38, 44 என்ற மின்னளவுகளை எந்தக் கருவியும் எனக்காகச் சேமித்து வைத்ததில்லை. ஆறு வாரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டினால் அவை 52, 57 ஆகியிருந்தன.